வராந்தாவில் உன் நாற்காலி

மச்சான்,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் சைத்தோன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “சம்பல் பெலாச்சான் க, பாங்? பாவு சம்பை சினி,” என்று மூக்கை விசிறிக்கொண்டு சிரித்தார். பெலாச்சான் சம்பலா, வாசம் இங்கே வரைக்கும் வருகிறதே என்கிறார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் எங்கள் அடுப்புக்கும் நடுவே ஒரு வலைக்கதவு மட்டும்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து உள்ளே போனேன். உன் தங்கை வாணலியில் பெலாச்சானை வறுத்துக்கொண்டிருந்தாள். இறாலை இடித்துப் புளிக்க வைத்த அந்தக் கட்டி சூடேறினால் தெருவே தும்மும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புகை கண்ணில் பட்டு எரிந்தது. மூக்குக்கு மட்டும் சேதி வரவில்லை. சரோஜா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன் போல ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போதே உன் ஞாபகம்தான் வந்தது.

நாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த அந்த மீன் குழம்புக் கதை நினைவிருக்கும். நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு வியாழக்கிழமை. விடிந்தால் வெள்ளி என்றால் சரோஜா வீட்டில் கவிச்சி எதுவும் இருக்கக்கூடாது. முட்டைத் தட்டைக்கூட காக் சைத்தோன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சனிக்கிழமை திரும்ப வாங்கி வருகிறவள் அவள். அன்றைக்கு மிச்சக் குழம்பைத் தீர்த்துவிடலாம் என்று எடுத்து வைத்தாள். காலையிலிருந்து வெக்கையில் இருந்த குழம்பு கெட்டுப்போயிருந்தது. நான் வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே வைத்துவிட்டேன். நீ தட்டை வழித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாய். “ஜோகூர்லயே எங்கண்ணன் மாதிரி ஆளு கிடையாது, எதப் போட்டாலும் குறை சொல்லாது,” என்று சரோஜா உன்னை ஓட்டினாள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அப்போது உன் கை கல் மாதிரி நின்றது. அது ஆட ஆரம்பிக்க இன்னும் பல வருடம் இருந்தது. பின்னால் உனக்கு வந்த நோயில் பல பேருக்கு மூக்குத்தான் முதலில் போகும், கை பிறகுதான் ஆடும் என்று நமக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்?

நீ சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு பாலம் கடந்து போய்க்கொண்டிருந்த காலம். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, “மோட்டார் ஆடுதுன்னு ரெண்டு தடவ வொர்க்‌ஷாப்புக்குப் போனேன் மச்சான். ஆடுனது மோட்டார் இல்ல, நான்தான்,” என்றாய். பார்க்கின்சன் என்ற பெயரை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். மருந்து இருக்கிறது, நடுக்கத்தைக் கொஞ்ச காலம் அடக்கும், குணமாக்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாய். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் பகோடா கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. அழுதுவிட்டுச் சாப்பிட்டால் என்ன என்று இருந்தது.

வேலையை விட்ட பிறகு மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். நீ நிதி திரட்டக் கிளம்பினாய். அதுவும் நோயாளிகளுக்கு உதவ இல்லை, இந்த நோயை ஒருநாள் குணமாக்க வழி தேடுகிற ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்க. உலு திராமில் வீடு வீடாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வாக்கர் வாங்கிக் கொடுத்தாலாவது புண்ணியம், ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று சொன்னவர்களிடம் நீ சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாய்: “வாக்கர்னா யாரும் தருவாங்க மச்சான். அதுல உபயம்னு பேர் எழுதலாம். நாம கோயில் ட்யூப்லைட்டுலயே எழுதுற ஆளுங்க. ஆராய்ச்சியில எங்க எழுதுவ? அதான் ஒருத்தனும் தரமாட்டான். அப்ப நாமதான் தரணும்.”

வருடாவருடம் விருந்து வைத்தோம். பொன்னாடை கிடையாது, மாலை கிடையாது, அந்தக் காசும் நிதிக்கே என்று அடம்பிடித்தாய். முதல் விருந்துக்கு வந்த ஒய்.பி.யின் உதவியாளர், எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குப் பொன்னாடை எப்போது என்று என் காதில் கேட்டபோது நான் பேசாமல் உன்னைக் கைகாட்டிவிட்டு ரசம் வாங்கப் போய்விட்டேன். நீ அவரிடம் என்ன சொன்னாயோ, ஒய்.பி. கடைசி வரை உட்கார்ந்திருந்து தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் நீ கொண்டுவந்தவற்றில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. யாருக்கு மானியம் என்று முடிவு செய்யக் குழு கூடும்போது, ஒரு விண்ணப்பத்தால் தனக்கோ, தன்னோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவருக்கோ பலன் வரக்கூடும் என்றால் அந்த ஆள் எழுந்து வெளியே போக வேண்டும். ஏன் போகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முன்பு நீ இருந்த கோயில் கமிட்டியில் பெயின்ட் அடிக்கிற வேலை செயலாளரின் தம்பிக்கே போனதில் நீ பட்ட எரிச்சல் அது. சரி, காண்ட்ராக்டுக்கு அந்த விதி பொருந்தும். நோயாளிக்கு என்ன? “அந்த அறையில இந்த நோயோட வாழுற ஒரே ஆளு நீ. உன்னையே வெளியே அனுப்பிட்டு நாங்க என்னத்தப் பேசுறது?” என்று கேட்டேன். “எனக்கு ஆசை இருக்கு மச்சான். ஆசை இருக்கிறவன் கை தூக்கக்கூடாது,” என்றாய். எனக்கு அது வறட்டு நியாயமாகத்தான் பட்டது.

நம் குழு கூடுகிற இடம் மாறவில்லை. கடைவீட்டு மாடியில் அதே அறை, ப்ளைவுட் தடுப்பு, வெளியே குறுகலான வராந்தா. அதில் நீ போட்டுக்கொண்ட நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. கீழ்க்கடையிலிருந்து வரும் டீயை உனக்கு மட்டும் பையில் கட்டி ஸ்ட்ரா போட்டு வாங்கி வரச் சொல்வாய். “கப்புல குடுத்தா சட்டை குடிக்கும். பையில குடுத்தா நான் குடிப்பேன்,” என்பாய். ஆய்வு விண்ணப்பம் வந்ததும் அந்தப் பையை உன் இருக்கையின் முதுகில் மாட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போவாய். நாங்கள் முடித்துக் கதவைத் திறந்ததும் திரும்பி வருவாய். என்ன முடிவு என்று ஒருமுறைகூட நீ முதலில் கேட்டதில்லை. “டீ ஆறிப்போச்சா?” என்றுதான் கேட்பாய்.

பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆய்வாளர் பெண் முதன்முதலில் வந்த நாளும் ஞாபகம் இருக்கிறது. மூளையில் ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேர்கிறது, அதைத் தடுக்க வழி தேடுகிறோம் என்று படம் போட்டுக் காட்டினார். “லோங்காங் அடைச்ச மாதிரின்னு சொல்லுங்க, எங்களுக்குப் புரியும்,” என்றாய். சாக்கடையோடு தன் ஆய்வை யாரும் அப்படிச் சேர்த்துப் பேசியதில்லை போல, அந்தப் பெண் சிரித்துவிட்டார். கிளம்பும்போது வழிமறித்து, ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுத்த வெளிநாட்டு மோப்பப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னாய். அதிமதுர மிட்டாய், ஏதோ பனிமலைத் தேவதாரு என்று நீ வாழ்நாளில் முகராத வாசமாக அதில் இருந்ததாம். “மூக்கு நல்லா இருக்கிறவனும் அதுல ஃபெயில்தான். பாண்டான் இலை, மல்லிகை, ரப்பர் ஷீட்டு, பெலாச்சான், இதக் குடுத்துப் பாருங்கம்மா,” என்றாய். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மரியாதைக்குத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன்.

அன்று நீ வெளியே போன பிறகு, குழுத் தலைவரான டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற அரசாங்க டாக்டர், சிலோன்காரர் வீட்டுப் பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். இந்த ஆராய்ச்சி ஜெயிச்சாலும் மருந்தா வர்றதுக்கு ரொம்ப காலம் ஆகும். அவர் காலத்துக்குள்ள வராது. அவருக்கு உதவும்னு நினைச்சு யாரும் கை தூக்க வேணாம்,” என்றார். அப்படியும் எல்லோரும் கை தூக்கினோம். கதவைத் திறந்ததும் நீ உள்ளே வந்து டீயைக் கேட்டாய். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் இடத்தில் சரோஜா குழுவுக்கு வந்தாள். அந்த முதல் ஆய்வு தோற்றுவிட்டது மச்சான். அந்தப் பெண்ணே நேரில் வந்து, நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். இப்போது மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். கை ஆட ஆரம்பிக்கும்போது மூளையில் நிறைய அழிந்துபோயிருக்கிறது, குணமாக்கும் மருந்து என்று ஒன்று வந்தாலும் அதற்கு முன்பே கொடுத்தால்தான் பயன் என்கிறார். அதனால் நடுக்கம் இன்னும் வராத, ஆனால் மோப்பம் போய்விட்ட ஆட்களைத் தேடிப் பல வருடம் கவனித்துப் பார்க்கப் போகிறார். தேடுவதற்கு அவர் தயாரித்திருக்கும் வாசனைகளில் பாண்டானும் இருக்கிறது, ரப்பர் ஷீட்டும் இருக்கிறது. பெலாச்சானும் இருக்கிறது.

குழுவில் எதிர்ப்பக்கம் சேகர். பள்ளிக்கூட ஆசிரியர், சனிக்கிழமை தோறும் தன் காரில் ரெங்கம், காஹாங் பக்கம் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிற பையன். நம்மைவிட இளையவன் என்பதால் பையன் என்கிறேன், அவனுக்கே நரைத்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வேனில் அந்த ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். நிதியில் இருப்பது இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். “ஆராய்ச்சி ஒருதடவ தோத்தாச்சுண்ணே. காஹாங்ல ஒரு அம்மா குளிக்கிற இடத்துல விழுந்து கிடந்தாங்க, மகன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். அவங்ககிட்ட போயி, இருபது வருசம் பொறுங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?” என்று போன கூட்டத்தில் கேட்டான். இருந்தாலும் நான் ஆய்வின் பக்கம்தான். நீ ஆரம்பித்தது அதற்காகத்தான். சரோஜாவும் அந்தப் பக்கம்தான். எங்கள் இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஆய்வு பிழைக்கும் என்கிற நிலைமை. முடிவுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, என் மூக்கு இப்படி.

சனிக்கிழமை முழுதும் நான் பைத்தியக்காரன் மாதிரி வீட்டில் இருப்பதை எல்லாம் முகர்ந்துகொண்டு திரிந்தேன். காப்பித்தூள், மண்ணெண்ணெய், சாம்பிராணி, துவைக்காத என் சட்டை. எல்லாம் ஒரே மாதிரி, அதாவது ஒன்றுமே இல்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனேன். “அங்கிள், மூக்கு போறதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. கோவிட் வந்தவங்களுக்குப் போகுது, சைனஸ்ல போகுது, வயசானாலே கொறையும். பயப்படாதீங்க, ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதித் தர்றேன்,” என்றது அந்த டாக்டர் பிள்ளை. கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்போடு ஒரு புத்தியும் வந்தது. இன்னும் எதுவும் உறுதியாகவில்லை, உறுதியாகாத ஒன்றைச் சபையில் ஏன் சொல்ல வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கிவிடலாம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இதில் உனக்கு நான் செய்கிற மரியாதையும் இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மரியாதைக்குப் பின்னால் என் பயம் உட்கார்ந்திருந்தது. மோப்பம் போனவனை இப்போதே தேடிப் பிடித்துக் கவனிக்கும் ஆய்வு நடக்க வேண்டும் என்று இப்போது எனக்கு ஆசை, மச்சான். உன் விதியில் நீ சொன்ன அதே ஆசை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சேகர் பேசி முடித்தான். டாக்டரம்மா அடுத்த விண்ணப்பத்தை எடுத்து, வழக்கம்போல, “யாருக்காவது சம்பந்தம் இருக்கா?” என்று கேட்டார். நீ போன பிறகு அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்ததில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சரோஜா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எனக்கு இருக்கு டாக்டர்,” என்றாள்.

“உங்களுக்கா? என்ன சம்பந்தம்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “வெள்ளிக்கிழமை வீட்டுல பெலாச்சான் வறுத்தேன். இவருக்குத் தெரியல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை. முட்டையைக்கூட வேலி தாண்டிக் கொண்டுபோய் வைக்கிற உன் தங்கை, விளக்கேற்றுகிற நாளில் எதற்காக அடுப்பில் பெலாச்சானைப் போட்டாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேறு எந்த நாளில் வறுத்தாலும், சமையல்தானே என்று நான் முகராமலே வாசத்தைப் பற்றிப் பேசி ஒப்பேற்றியிருப்பேன். வெள்ளிக்கிழமை அந்த வாசம் மூக்கில் ஏறினால் என்ன இது என்று கேட்டே தீருவேன். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

நானும் எழுந்தேன். “எனக்கும்தான் டாக்டர்,” என்றேன். ஆய்வுக்கு இருந்த இரண்டு கையும் கதவைத் தாண்டி வெளியே வந்தன.

வராந்தாவில் உன் நாற்காலி ஒன்றுதான். சரோஜாவை உட்காரச் சொன்னேன், அவள் என்னை உட்கார வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். “எப்பலேர்ந்து உனக்குச் சந்தேகம்?” என்று கேட்டேன். “தூக்கத்துல கை வீசுறீங்க, யாரையோ அடிக்கிற மாதிரி. அண்ணனும் அப்படித்தான் செய்யும்னு அண்ணி சொல்லுவாங்க,” என்றாள். “எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?” “கேட்டா இல்லன்னு சொல்லுவீங்க.” சாமி படத்துக்குப் பக்கத்தில் கவிச்சி வறுத்ததற்கு மறுநாள் காலையில் எழுந்து சமையலறை முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாளாம். அதையும் நான் கவனிக்கவில்லை.

அப்போதுதான் உள்ளே பேசுவது கேட்டது.

தெளிவாகக் கேட்டது மச்சான். தடுப்பு என்று பேர்தான், ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. சேகர் சொன்னான், “அண்ணனுக்கே இப்படின்னா எனக்கும் கஷ்டமா இருக்கு டாக்டர். ஆனா இது அவருக்கு உதவுமா?” டாக்டரம்மா உன் விஷயத்தில் எப்படியோ அப்படியே சொன்னார், குரல்கூட மாறவில்லை. “அவருக்கு இந்த நோய்தான்னு இன்னும் தெரியாது. அதுவாவே இருந்தாலும் அவர் காலத்துக்குள்ள வராது. அவருக்கு உதவும்னு நினைச்சு யாரும் கை தூக்க வேணாம்.”

சரோஜாவின் கை என் தோளில் இறுகியது. அவள் மெதுவாகக் கேட்டாள், “அப்ப அண்ணனுக்கும் கேட்டிருக்கும், இல்ல?”

கேட்டிருக்கும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் கண்ணால் பேசிக்கொண்டதைத் தவிர மீதி எல்லாமே உனக்குக் கேட்டிருக்கும். உன் காலத்துக்குள் வராது என்பதை இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, உள்ளே வந்து டீயைக் கேட்டிருக்கிறாய். அடுத்த வாரம் விருந்துக்கு என்னை இழுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்திருக்கிறாய். ஆசை இருக்கிறவன் கை தூக்கக்கூடாது என்றாயே, எந்த ஆசையைச் சொன்னாய்? நான் இத்தனை நாள் நீ பிழைக்கிற ஆசையைச் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவும் அங்கிருந்தே கேட்டது. பணம் வேனுக்குப் போகிறது. ஆய்வுக்கு அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். காஹாங்கில் விழுந்து கிடந்த அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தும் எரிச்சல் அடங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்.

கதவைத் திறந்தது சேகர்தான். என் முகத்தைப் பார்க்க முடியாமல், “அண்ணே, நீங்க உள்ள இருந்திருந்தா...” என்று இழுத்தான். அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். எல்லோரும் ஏதோ சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கேட்டிருப்போம் என்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயில் உன் கேள்விதான் வந்தது.

“டீ ஆறிப்போச்சா?”

ஸ்பெஷலிஸ்ட் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். வேறு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பயமாக இருக்கிறது, மச்சான். சரோஜா இப்போது தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டுகிறாள். தெரியலை என்று உள்ளதைச் சொல்கிறேன். அவளும் சரி என்று மூடி வைத்துவிட்டுத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுகிறாள். அடுத்த விருந்துக்கு மண்டபம் பேச நாளைக்கு நான்தான் போகிறேன், சேகரும் கூட வருகிறான். வேனும் ஓட வேண்டும், ஆய்வும் நடக்க வேண்டும் என்றால் இந்தமுறை நிறையச் சேர்க்க வேண்டும். பொன்னாடை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

உன் நாற்காலியைத் துடைத்து அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதில் எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. எழுந்து எப்படி உள்ளே வருவாய் என்பதை மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.